ஐந்தில் எத்தனை

அறுபது கேள்வி.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்
ஒவ்வொன்றுக்கும் என்னை அளந்து போட வேண்டும்.
புந்தா அரேனாஸ் பள்ளியின் கணினி அறையில்
ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது.
அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாரும்
தங்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருப்பார்கள்.

நான் ஜன்னல் பக்கம்.

‘பிறருக்கு உதவப் பிடிக்குமா?’
எந்தப் பிறருக்கு என்று இல்லை.
அண்ணனுக்கு என்றால் ஒன்று.
பனியில் டயருக்குச் சங்கிலி மாட்டத் தெரியாமல்
விழித்து நிற்கும் யாரோ ஒருவனுக்கு என்றால் ஐந்து.
கூட்டி, இரண்டால் வகுத்து, மூன்று.

‘எண்களோடு வேலை செய்யப் பிடிக்குமா?’
இப்போது செய்ததற்குப் பெயர் என்னவாம்?
நான்கு.

‘கூட்டத்தின் முன் பேசப் பிடிக்குமா?’
செப்டம்பர் விழாவில் நான் சொல்ல வேண்டிய
நாலு வரி வாழ்த்தில்
மூன்றாவது வரி காணாமல் போனது.
இன்னும் வீடு திரும்பவில்லை.
ஒன்று.
ஒன்றுக்குக் கீழே படி வைக்கவில்லை.

கடைசியில் திரையில் ஒரு வட்டம் சுற்றியது.
ஒரு சோற்றைத் தொட்டால் போதும் என்பார்கள்,
அறுபதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது:
நூலகர். மருந்துக்கடை உதவியாளர். நில அளவையாளர்.

பக்கத்து இருக்கை யாங்கோவுக்கு விமானி வந்திருந்தது.
அவன் கேள்வியே படிக்கவில்லை,
எல்லாவற்றுக்கும் ஐந்து.
‘மறுபடி போடு, ரொமினா.
கடல் என்று வருகிற இடத்திலெல்லாம் ஐந்து தட்டு.’
தட்டினேன்.
கடல் உயிரியலாளர் ஆனேன்.
பென்குயின் பக்கத்தில் குந்தியிருக்கும் ஒரு பெண்
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
இன்னொரு முறை தட்டினேன், நீதிபதி.
இன்னொரு முறை, பல் மருத்துவர்.
பொய் சொல்லச் சொல்ல
நாற்காலி மாறிக்கொண்டே இருந்தது.

முப்பத்தேழாம் கேள்விக்கு மட்டும்
நாலு தடவையும் விரல் ஐந்துக்கே போனது.
‘கலைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்தப் பிடிக்குமா?’

என் அறையைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.
அதனால் யோசித்தேன்.

சனிக்கிழமைகளில்
அம்மாவின் ஆட்டு லாரியில்
நீரிணையின் இந்தக் கரையில் காத்திருப்போம்.
அம்மா ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவாள்.
எனக்கு வரிசைதான் சினிமா.
இரண்டு டேங்கர், ஒரு பேருந்து,
மரம் ஏற்றிய நீள வண்டி,
மெத்தையைக் கூரையில் கட்டிய சின்னக் கார் நாலு,
பின்னால் கத்திக்கொண்டே எங்கள் ஆடுகள்.
ஃபெரி கரை தொடும் முன்பே
எது முதலில், எது எந்த ஓரம்,
எது யாருக்குப் பின்னால் என்று
எனக்குள் எல்லாம் ஏறி முடிந்திருக்கும்.

மார்ச்சில் ஒரு நாள்
ஆரஞ்சுச் சட்டைக்காரர் கையசைத்து
மர வண்டியை இடது ஓரம் அனுப்பினார்.
‘ஐயோ, வேண்டாம்’ என்றேன், சத்தமாக.
அம்மா விழித்து, ‘என்னடி?’ என்றாள்.
‘ஒன்றுமில்லை.’
பத்து நிமிடம் கழித்து
ஏற்றிய அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்தார்கள்.
என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்,
சிரிப்பு தெரியக்கூடாதே.

அதை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.
முப்பத்தேழு மட்டும்
கதவு வரை வந்துவிட்டு, தட்டாமல் போயிருக்கிறது.

முதல் தடவை போட்ட விடைகளையே அச்சடித்தேன்.
நூலகர், மருந்துக்கடை, நிலம்,
இருந்துவிட்டுப் போகட்டும்.
தாளின் பின்புறம் எழுதினேன்:
‘எதை முன்னால் ஏற்றுவது, எதைப் பின்னால்.
இதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா?
சம்பளம் தருவார்களா?’

தாளை வாங்கிய ஆலோசகர் திருப்பிப் பார்க்கவில்லை.
நாளை பார்ப்பாராக இருக்கும்.

வெளியே காற்று
நிறுத்தற்பலகையைப் பிடித்து உலுக்குகிறது.
துறைமுகம் மூடிவிட்டார்கள் என்று யாங்கோ சொன்னான்.
இன்று வியாழன்.
சனிக்கிழமைக்குள்
எத்தனை வண்டி சேர்ந்திருக்கும் என்று
எண்ண ஆரம்பித்துவிட்டேன்.